பெயர் மாற்றாத வண்டி

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் பழையபடி நடக்க ஆரம்பித்த வருடம், ஜூன் மாதம். திண்டுக்கல் நகரத்துக்குள் இருந்த பள்ளியிலிருந்து, வடமதுரையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். நான் கணக்கு ஆசிரியர். அப்போது வயது நாற்பத்திரண்டு. அதுவரை மோட்டார் சைக்கிள் ஓட்டியதே கிடையாது.

வடமதுரை வரை பேருந்துக்குக் குறைவில்லை. அங்கிருந்து பள்ளி வரையிலான ஆறு கிலோமீட்டர்தான் சிக்கல். ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். முதல் இரண்டு வாரத்திலேயே நான்கு நாள் பிரேயர் முடிந்த பிறகு போய் நின்றேன். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். "சாயங்காலம் கிரவுண்டு சும்மாதான சார் கெடக்கு. வாங்க, எம் பைக்குலயே பத்து நாள்ல ஓட்டிருவீங்க" என்றார். பத்து நாளில் வரவில்லை, மூன்று வாரம் ஆனது. இரண்டு முறை விழுந்தேன். முழங்கையில் காயம் ஆறுவதற்குள் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

புது வண்டி வாங்குகிற வசதி இல்லை. பழைய வண்டி பார்க்கக் கிளம்பினோம். உடற்பயிற்சி ஆசிரியர் கூடவே வந்தார். ஒரே ஆள் கையில் இருந்த வண்டியாக இருக்க வேண்டும், நாம் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும், சேஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பேகம்பூரில் ஒரு வண்டி பார்த்தோம். பளபளவென்று சிவப்பாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கையை விட்டா இடது பக்கமா இழுக்குது சார், எங்கயோ பலமா அடி வாங்கிருக்கு" என்று என் காதில் சொன்னார். சின்னாளபட்டியில் பார்த்த வண்டிக்கு ஆர்.சி.யே இல்லை. தொலைந்துவிட்டதாம்.

கடைசியில் பழனியில் அமைந்தது. அடிவாரத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவருடைய வண்டி. அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். முட்டி வலியால் கிக்கரை உதைக்க முடியவில்லை என்று விற்றார். எட்டு வருடத்து வண்டி, நூறு சி.சி., கறுப்பு. சீட்டின் ஓரத்தில்கூடக் கிழிசல் இல்லை. காலை நேரம், என்ஜின் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. உடற்பயிற்சி ஆசிரியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வண்டிக்காரர் விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் காகிதத்தைப் பற்றித்தான். பெயர் மாற்றத்துக்கான பாரங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யோடும் இன்சூரன்ஸோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

"ஏனுங்க, இன்சூரன்சு அடுத்த மாசம் நடுவுல முடியுதுங்க. அதுக்குள்ள பேரை மாத்திப்போடுங்க. நீங்க சொல்ற அன்னிக்கு நானும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தர்றேனுங்க. ரெண்டு பேரும் நேர்ல போயிட்டா ஒரே நாள்ல எழுதிக் குடுத்துட்டு வந்தரலாமுங்க."

"ஒரு வாரத்துல முடிச்சிரலாம் சார்" என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது உண்மைதான்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். பள்ளியில் ஆய்வுக்கு வருகிறார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார். காலாண்டுத் தேர்வு வேலை என்றேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது நான் வகுப்பில் இல்லை, ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனை எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

இன்சூரன்ஸ் முடிகிற வாரத்தில் எனக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். "பழைய பேர்லயே போட்டுத் தரலாம் சார். ஆனா அப்புறம் அதையும் மாத்த அலையணும். மொதல்ல ஆர்.சி.ய மாத்திட்டு வாங்களேன், ஒரே வேலையா முடிச்சிருவோம்" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பெயர் மாற்றாததால் இன்சூரன்ஸ் போடவில்லை, நேரம் இல்லாததால் பெயர் மாற்றவில்லை. இரண்டுக்கும் காரணம் இருந்தது. தேதி முடிந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முடிந்த ஒன்பதாம் நாள், காலை எட்டே முக்கால் மணி. பள்ளிக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டம். எதிரே மில் வேன் ஒன்று நடுரோட்டில் வந்தது. நான் ஒதுங்கினேன். சாலை ஓரத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. பழகிய ஆளாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக இறங்கியிருப்பார். நான் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி சறுக்கியது. அந்த ஓரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். வண்டி போய் அவர் காலில் மோதியது.

எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, மாடு ரோட்டுக்குப் போகுது பாரு, யாராச்சும் புடிச்சுக் கட்டுங்கப்பா" என்றார். வலி தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அவருடைய வீட்டுக்காரர் வந்ததும் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஏட்டு லைசென்ஸைப் பார்த்தார், சரி என்றார். இன்சூரன்ஸைப் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"முடிஞ்சு போச்சே சார்."

"ஆமா சார்."

"வாத்தியாரா இருந்துக்கிட்டு என்னா சார் இது. சரி, ஆர்.சி.ல இருக்கவரு யாரு? உங்க பேரு இல்லையே?"

விற்றவர் என்றேன்.

"அப்ப அவரையும் வரச் சொல்லுங்க. காகிதத்துல இன்னும் அவரு வண்டிதான். இன்சூரன்சு இல்லாத வண்டிக்கு ஓனரு மேலயும் கேஸ் வரும். அந்தம்மா நஷ்டஈடு கேட்டாலும் அவரும் பதில் சொல்லணும்."

இது எனக்கு அதுவரை தெரியாது. அபராதம் வந்தால் எனக்கு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் தள்ளிப்போட்டது போய் இன்னொருவர் தலையில் விழும் என்று யோசிக்கவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடித்ததும், "அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "காலைல வாரனுங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பேருந்தில் வந்தார். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். மொதல்ல ஆஸ்பத்திரி என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டார். கட்டிலில் அந்த அம்மா காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். இவரைப் பார்த்ததும், "நீங்க யாரு?" என்றார்.

"வண்டி எம் பேர்ல இருக்குதுங்கம்மா."

"அப்ப ஓட்டுனது?"

"இவருங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "வண்டி இவுகளுதா? அப்ப நீங்க யாரு, இரவலு வாங்கி ஓட்டுனீகளா?"

வாங்கிவிட்டேன், பெயர் மாற்றவில்லை என்று விளக்கினேன். அவருக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. "காசு குடுத்து வாங்குன சாமானுக்கு ஒம் பேரைப் போட என்னா நோக்காடு?" என்றார். வீட்டுக்காரர் அவரை அதட்டினார்.

காவல் நிலைய வாசலில் ஒருவர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். விபத்து வழக்குகளுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. வழக்கு இன்னும் எழுதவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிற வேறொரு வண்டி மோதியதாகக் காட்டிவிடலாம். அந்த வண்டியை அவரே தருவார். கம்பெனி பணம் கொடுக்கும், அந்த அம்மாவுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் இருவருக்கும் எந்தத் தலைவலியும் இல்லை. "எல்லாருக்கும் நல்லது சார். நீங்க உம்முன்னு மட்டும் இருங்க" என்றார்.

எனக்கு ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. வண்டியை விற்றவரை இதிலிருந்து விடுவிக்க வேறு வழி தெரியவில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவரைப் பார்த்தேன். இதில் அதிக லாபம் அவருக்குத்தான்.

அவர் புரோக்கரிடம் கேட்டார். "கோர்ட்டுல அந்தம்மாவை எந்த வண்டி மோதுச்சுன்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க. நாம சொல்லிக் குடுத்தத சொல்லும்."

"காலை ஒடைச்சதுமில்லாம பொய்யும் சொல்ல வெக்கோணுமாங்க?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "வேண்டாமுங்க. எம் பேர்ல இருக்கற வண்டிதானுங்க மோதுச்சு. அப்படியே எழுதட்டும்." சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

நடந்தது நடந்தபடியே வழக்கை எழுதினார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் இருவரும் அபராதம் கட்டினோம். அந்த அம்மாவின் நஷ்டஈட்டு வழக்கு திண்டுக்கல் கோர்ட்டில் ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்தது. சிகிச்சைச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன், அது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வண்டியை விற்றவர் வந்துவிடுவார். வக்கீல் பார்த்துக்கொள்வார், வர வேண்டாம் என்று சொன்னாலும் வந்தார். பெயர் கூப்பிட்டால் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அரை நிமிடத்தில் வேறு தேதி சொல்வார்கள். பழனிக்குத் திரும்பப் பேருந்து ஏறுவார். நான் டீ வாங்கித் தந்தால் குடிப்பார், டிபன் வாங்க விடமாட்டார். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாம் வருடம் தைப்பூசத்தை ஒட்டி ஒரு வாய்தா விழுந்தது. பழனி லாட்ஜுகளில் அந்த நாட்களில் நிற்க இடம் இருக்காது. அவர் லீவு சொல்லிவிட்டு வந்தார். இது நடந்து ஒரு மாதம் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க அந்த லாட்ஜுக்குப் போனேன். மேனேஜர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பூச நேரத்தில் கோர்ட்டுக்குப் போனவரை முதலாளி வேலையை விட்டே அனுப்பிவிட்டாராம். பதினாறு வருடம் அங்கே இருந்தவர். விசாரித்துக்கொண்டு போனபோது, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சின்ன லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார், குத்தலாக இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வழக்கு கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. சேமநல நிதியில் எடுத்து முழுத் தொகையையும் நானே கட்டினேன். அந்த அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்திருந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். "மழை பேஞ்சாத்தான் கொடையுது, மத்தபடி மாடு மேய்க்கப் போறேன்" என்றார். வழக்கு முடியும்வரை பெயர் மாற்ற வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அன்றைக்கே நாங்கள் இருவரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். பாரங்களைப் புதிதாக எழுதிக் கொடுத்தோம். முழுதாக ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பேருந்து நிலையத்தில் அவரை ஏற்றிவிடப் போனேன். ஏதாவது செய்ய அனுமதிக்க வேண்டும், எனக்குத் தெரிந்த விடுதி ஒன்றில் வேலைக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவமெல்லாம் இல்லீங்க. அந்தம்மாவை நீங்க கைவிடலை, அதைப் பார்த்தேன். ஆனா, இனி நாம பேசிக்க வேண்டாமுங்க. உங்க குரலைக் கேட்டா எனக்குக் கோர்ட்டு ஞாபகம் வருதுங்க."

பழனிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்வரை நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கேட்டபடியே நான் அதற்குப் பிறகு அவரைத் தொடர்பு கொள்ளவில்லை.

இப்போதும் அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறேன். இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆர்.சி.யில் என் பெயர் இருக்கிறது. உடன் வேலை செய்பவர்கள் யாராவது பழைய வண்டி வாங்கினால், வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எப்போது பெயர் மாற்றப் போகிறீர்கள் என்று மட்டும் நச்சரிக்கிறேன். என்னைப் பார்த்தாலே சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். ஒரு மனிதர் நல்லவராக இருந்ததால் என் தவறு எனக்கு மன்னிக்கப்பட்டது என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. அவர் நல்லவராக இருந்ததால் அதன் விலையில் பாதியை அவர் கொடுத்தார், அவ்வளவுதான்.