சுருங்காத கம்பளி

மழையில் நனைந்த பூட்ஸைக் காவலாளி தன் அறை வாசலில் காய வைத்திருந்தார். மறுபடி காலை நுழைத்தபோது உள்ளே மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பாதத்தின் அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்த கம்பளித் துண்டு. யார் வைத்தது என்று எல்லாரையும் கேட்டு ஓய்ந்துபோனார். மாடி வீட்டு இளைய மருமகளுக்குத் தெரியும். அவளுடைய ஓர்ப்படி, அந்த வீட்டின் மூத்த மருமகள், முந்தின நாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது என்று இளையவள் வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் கைவேலை அது. நூலாக்காத கம்பளியைப் பஞ்சு போலப் பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் அடுக்குவாள். சோப்பு கலந்த வெந்நீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டுவாள். உருட்ட உருட்ட இழையோடு இழை பிடித்துக்கொண்டு சுருங்கி இறுகும். நெய்யாமலே அதில் இலை வரும், மரப்பட்டை வரும், காளான் வரும். ஆண்டவன் படைத்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். வீட்டில்தான் மதிப்பில்லை. குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று இளையவளின் கணவன் முணுமுணுப்பான். அக்காவின் கணவர் அவளுக்கு வைத்த பெயர் கம்பளிப்பூச்சி.

அப்படிப்பட்டவளிடம், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, புதிதாகக் கட்டிய கண் ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் கூடத்துச் சுவருக்குப் பெரிதாக ஒன்று கேட்டார்கள். திறப்பு விழாவுக்குள் வேண்டும் என்றார்கள். அவள் வேலை நாலு பேர் பார்க்க வெளியே போவது அதுதான் முதல் தடவை. மழை ஓய்ந்தபின் பாசி படர்ந்து கிடக்கும் பாறையைச் செய்வதென்று முடிவெடுத்தாள். கம்பளி வாங்க இளையவளே ஆசையாகப் போனாள். மட்டமானதை வாங்கிவிடக் கூடாதென்று, கடையில் இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டு வாங்கி வந்தாள்.

அக்கா சாயம் ஏற்றினாள், அடுக்கினாள், வெந்நீர் ஊற்றி உருட்டினாள். பாயைப் பிரித்தால் பாசி தனியாக, பாறை தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது. சோப்பு போதவில்லை என்றாள். தண்ணீர் ஆறிவிட்டது என்றாள். மணிக்கட்டு வீங்கும்வரை உருட்டிவிட்டு, தன் கையில்தான் கோளாறு என்று பாயை எட்டி உதைத்தாள். கணவர் எட்டிப் பார்த்து, பூச்சி இன்னும் கூடு கட்டவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடுக்கினாள். மறுபடியும் அதே கதைதான்.

பார்க்கப் பொறுக்காமல் இளையவள் ஆறுதல் சொன்னாள்.

"உங்க கையும் நல்லாத்தான் இருக்கு, கம்பளியும் நல்ல கம்பளிதான்க்கா. மருந்து போட்டது. மெஷின்ல போட்டு வெந்நீர்ல துவைச்சாலும் சுருங்காதுன்னு கடைக்காரர் சத்தியமே பண்ணாரு."

அக்காவின் கை அப்படியே நின்றது.

"சுருங்காதா?"

"சுருங்கவே சுருங்காதாம்."

ஈரத் தரையிலேயே அக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். "சுருங்கணும்டி. சுருங்கினாத்தான் பாறை. இல்லேன்னா வெறும் பஞ்சு."

இளையவள் கடைக்கு ஓடினாள். சாதாரணக் கம்பளி தீர்ந்துபோயிருந்தது, வரவழைக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருக்கவில்லை. அச்சடித்த அருவிப் படம் ஒன்றை மாட்டித் திறப்பு விழாவை முடித்துக்கொண்டார்கள்.

அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது இளையவளுக்கு மனம் ஆறியிருக்கும். பாத்திரங்கள்தான் கொஞ்ச நாள் நங் நங்கென்று விழுந்தன. சாமி முன் நின்றாலும் அக்கா கண்ணை மூடாமல் வெறித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்காவின் கணவருக்கு வெளியூர் மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது இளையவள் அக்கா உட்கார்ந்திருந்த ஜன்னலோரம் போய் நின்றாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனா அந்த அருவிப் படத்தை நிமிர்ந்து பார்க்காத. எனக்கு இன்னும் எரியுது. உன் மேல இல்லடி."