ஏழு சுற்றும் என் வலது பாதமும்

எனக்குப் பாதம் மரத்துப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதலில் விரல் நுனி, பிறகு அடிப்பாதம், அப்புறம் குதிகால். சர்க்கரை நோய் செய்கிற வேலை என்று தெரியும். கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆறு வருடம் அந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தவர், தூக்கிப் படுக்கவைத்தவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை அதே செய்தியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடந்தேன். ஏன் என்று கேட்டதற்குத் தரை சில்லென்று இருக்கிறது என்றேன்.

ஒடுகத்தூரில் எங்கள் தெருவில் யோகா சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்தவள். அவளுக்குப் பின்னக் கணக்கு கடைசிவரை வரவில்லை. ஜவ்வாது மலையில் ஏழு சுத்துக் கோட்டை இருக்கிறது, வெறுங்காலோடு சுற்றினால் பூமியின் சக்தி பாதம் வழியாக உடம்பில் ஏறும் என்றாள் அவள். வேறொரு சமயமாக இருந்தால் நன்றாகக் கேலி செய்து அனுப்பியிருப்பேன். அன்று, பாதம் வழியாக என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, அவள் ஆட்களைக் கூட்டிப்போகும் ஜீப்பில் இடம் கேட்டேன். மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழத்தோடு கணவரும் ஏறிக்கொண்டார்.

நெல்லிவாசல்நாட்டில் இறங்கி அரை மணி நேர நடை. கோட்டை என்றதும் மதிலை எதிர்பார்த்திருந்தேன். சாமை அறுத்து முடித்த கொல்லைக்கு மேலே, முழங்கால் உயரம்கூட இல்லாத கற்களை ஏழு வளையமாக நட்டிருந்தார்கள், அவ்வளவுதான். உள்ளே ஒரே வழி. வளைந்து வளைந்து நடுவுக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். கல்லைத் தாண்டினால் வேண்டுதல் பலிக்காது. பக்கத்தில் கொல்லைக்காரப் பெண் ஒருவர் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். இங்கே சக்தி எப்படி என்று யோகாப் பெண் அவரிடம் கேட்டாள்.

"அதெல்லாம் இன்னான்னு தெரியாதும்மா. மாடு காணாம போனா சுத்துவோம்."

"கெடைச்சிடுமா?"

"சிலது வரும். சிலது வராது."

எனக்கு முன்னால் நாலு பேர் சுற்றினார்கள். ஒருவருக்குச் சூடு உச்சிவரை ஏறியதாம். இன்னொரு அம்மாவுக்கு உள்ளங்கால் குறுகுறுத்ததாம். அவர் காலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு நான் போனேன். கண்ணை மூடி நடக்கச் சொன்னாள் யோகாப் பெண். மூடினால் விழுந்துவிடுவேன், கால் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு நடை. வெயிலில் தரை கொதித்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒன்றையே கேட்டேன்: ஒரு முள்ளாவது குத்தட்டும், எனக்கு வலிக்கட்டும். நடுவுக்கு வந்து நின்றேன். எதுவும் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

"அம்மா, அங்கியே நில்லுங்க," என்றார் கொல்லைக்காரப் பெண். "கால்ல ரத்தம்."

திரும்பிப் பார்த்தேன். கடைசி மூன்று சுற்றிலும், வலது கால் வைத்த இடமெல்லாம் கறை.

கணவர் எழுந்து வந்தார். வழியைத் தேடவில்லை, செருப்போடு ஏழு வளையத்தையும் தாண்டி நேராக வந்தார். "கல்லத் தாண்டாதீங்க," என்று எரிந்து விழுந்தேன். வேண்டுதல் கெட்டுவிட்டதே என்ற கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. அவர் என்னைத் தரையில் உட்காரவைத்துப் பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டார். பாட்டில் சில்லு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. பிடித்து இழுத்தார். இழுக்கும்போது காலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

அந்த நேரம் வலிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஒன்றரை வருடம் பொய் சொன்னவளுக்கு அது தோன்றவில்லை.

"அம்மாவும் இப்டித்தான் சும்மா பாத்துக்கினு இருந்தாங்க," என்றார்.

தலையைக் குனிந்துகொண்டார். என் காலை இன்னும் பிடித்திருக்கிறாரா, விட்டுவிட்டாரா என்று நான் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.