டார்ச்சைக் கடித்த அத்தான்

எங்கள் அத்தானுக்குக் கடைத்தெருவில் ‘கட்டிங் பிளேயர்’ என்று பெயர். வைத்தவர் எலெக்ட்ரிக்கல் கடைக்காரர். மற்ற வயர்மேன்கள் வயரின் மேல்தோலை உரிக்க ஸ்ட்ரிப்பரைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, அத்தான் வயரை முன்பல்லுக்கு நடுவில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். தோல் தனி, செம்பு தனி. தோலைத் தூவென்று துப்புவார். அதுவும் வீட்டுக்காரர் ஆசை ஆசையாகப் போட்ட புதுத் தரையில்தான் துப்புவார். இருபத்தாறு வருஷமாக இதே சர்க்கஸ்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஓடாத ஃபேனைச் சரிசெய்கிறேன் என்று ஸ்டூல் மேல் ஏறி, அத்தனை பேர் முன்னாலும் வயரைக் கடித்துக் காட்டினார். “மாப்பிள்ளைக்கு நல்ல பல்லு” என்றார் அப்பா. வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். அக்கா மட்டும் பெருமையில் பூரித்துப்போய் நின்றாள்.

நான் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். டாக்டரம்மா வேலை பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என் பிழைப்பு. அதனால் அத்தான் என்னை ‘எச்சில் இலாகா’ என்றுதான் கூப்பிடுவார். “வாங்க எச்சில் இலாகா, இன்னைக்கு எத்தனை லிட்டர்?” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். கொழுந்தியாளாகப் பிறந்த பாவத்துக்கு நானும் சும்மா விட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அத்தான் ஆப்பிளைக் கத்தியால் காகிதம் போல சீவிச் சீவித் தின்றுகொண்டிருந்தார். முழு ஆப்பிளை மூன்று கடியில் முடிக்கிற மனிதர்.

“என்ன அத்தான், ஆப்பிளுக்கு ஆபரேஷனா?” என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய், அவர் கத்தக் கத்த மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பல் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு விலகி நின்றன. ஈறு சிவந்து உப்பியிருந்தது. விரலால் தொட்டேன். இரண்டும் ஆடின.

மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவு ஊசியை விட்டு எண்ணைச் சொல்வார், நான் அட்டையில் எழுதுவேன். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். பின்பற்கள் மூன்று, நான்கு என்று வந்தன. முன்பற்களுக்கு வந்ததும், “எட்டு... ஒன்பது” என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு வேர்களையும் ஒட்டிக் கறுப்பாகக் குழி விழுந்திருந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு அங்கே கரைந்து போயிருந்தது.

“வயரைக் கடிச்சதாலயா டாக்டர்?” அத்தானின் குரல் இறங்கிப் போயிருந்தது.

“பல்லுல காரை படிஞ்சு, ஈறுல நோய் வந்து, அதுல எலும்பு கரைஞ்சிருக்கு. நீங்க கடிச்சு இழுத்து அதுக்கு ஒத்தாசை பண்ணியிருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “ரெண்டையும் எடுத்துட்டு வேற பல் கட்டலாம். இல்லைன்னா எலும்பை வளர வெச்சுப் பார்க்கலாம். குழியைச் சுத்தி இன்னும் கொஞ்சம் எலும்பு, சுவர் மாதிரி நிக்குது. வாய்ப்பு இருக்கு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்.”

“வளர வெச்சுப் பாருங்க. பல்லு போனா நான் யாரு டாக்டர்? கடைத்தெருவுல தலை காட்ட முடியாது.”

வேறு நாளாக இருந்தால் நன்றாகக் கிண்டல் செய்திருப்பேன். அவர் கண் கலங்கியிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தோம். ஆறு வாரம் அவர் பல்லிடுக்கில் குட்டி பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கக் கற்றுக்கொண்டார். ஈறின் வீக்கம் வற்றிய பிறகு ஆபரேஷன். டாக்டரம்மா ஈறைக் கீறி விலக்கி, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, குழியில் எலும்புத் தூளை நிரப்பினார். அதன் மேல் மெல்லிய ஜவ்வு ஒன்றைப் போர்த்தித் தைத்தார். ஈறு ஒரு அவசரக்குடுக்கை, கிடைத்த இடத்தில் ஓடிவந்து உட்கார்ந்துவிடும். எலும்பு சோம்பேறி, ஆடி அசைந்துதான் வரும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல எலும்புக்கு இடம் பிடித்து வைப்பதுதான் அந்த ஜவ்வின் வேலை. கடைசியாக, பற்கள் ஆடாமலிருக்கப் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார்.

அத்தான் கண்ணாடியை வாங்கிக் கம்பியை இப்படியும் அப்படியும் பார்த்தார். வாய் மரத்துப் போயிருந்த நிலையிலும், “ஜாயிண்ட்டு சுமார்தான்” என்றார்.

“இந்தப் பல்லுல வயரைக் கடிக்கவே கூடாது” என்று கட்டளையிட்டார் டாக்டரம்மா. “ஒரு தடவைகூட.”

இருபத்தாறு வருஷப் பழக்கத்தைச் சொல்லால் நிறுத்த முடியுமா? அக்கா அவரை நம்பவில்லை. ஒரு ஸ்ட்ரிப்பரை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவர் போகிற வீட்டுக்கெல்லாம் கூடவே போனாள். ஏணிக்குக் கீழே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வயர் வாய்ப்பக்கம் போனால், “என்னங்க! கை கீழ!” என்று ஒரு அதட்டல். ஒரு வீட்டுக்காரர், “இவங்க இன்ஸ்பெக்டரா?” என்று மரியாதையாகக் கேட்டாராம். “ஆமா சார், என் வாய்க்கு மட்டும்” என்றாராம் அத்தான்.

பத்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். அத்தான் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத் தனியாக வேலைக்குப் போனார்.

நான்கு நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தவர் நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டார்.

“அடுக்குமாடி வீட்டுல மோட்டார் ரூம் வேலை டாக்டர். பன்னெண்டு வயர். ஒண்ணைக்கூட வாய்கிட்ட கொண்டு போகல. எல்லாம் ஸ்ட்ரிப்பர்தான்.”

டாக்டரம்மா பாராட்டுவது போலத் தலையாட்டினார். நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

“மோட்டார் ரூம்னா இருட்டா இருக்குமே, அத்தான்? மெயினை வேற அணைச்சிருப்பீங்க. எப்படி வேலை செஞ்சீங்க?”

“ரெண்டு கையும் வேணுமேன்னு முக்கால் மணி நேரமும் டார்ச்சைக் கடிச்சுக்கிட்டுத்தான்.”

டாக்டரம்மா வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார்.

அவருடைய டார்ச்சை எனக்குத் தெரியும். இரும்பில் செய்தது. அதைக் கொண்டு ஆளையே அடித்துப் போடலாம். அதை முக்கால் மணி நேரம் முன்பல்லில் கவ்விக்கொண்டு, வயரைக் கடிக்காத தன் ஒழுக்கத்தை மெச்சிக்கொண்டே வேலை செய்திருக்கிறார், மகானுபாவர்.

“வயரைத்தானே கடிக்கக் கூடாதுன்னீங்க?” என்றார் பரிதாபமாக.

டாக்டரம்மா அவர் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். வலது பல்லில் தையல் விட்டுப்போய், ஜவ்வின் ஓரம் வெள்ளையாக வெளியே எட்டிப் பார்த்தது. அவர் திரும்பி வரும்வரை நான் அத்தானைத் திட்டிய திட்டை எழுத முடியாது. எழுதினால் என் வேலை போய்விடும்.

அதன்பின் மருந்துத் தண்ணீரில் கொப்பளிப்பதையும் வாரா வாரம் வந்து காட்டுவதையும் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் விட்ட அன்றிலிருந்து அக்கா ஒரு நாள்கூட அவரைத் தனியாக வேலைக்கு அனுப்பவில்லை. டார்ச்சைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். இந்த ஒன்பது மாதத்தில் சுவிட்ச் மாற்றவும் ஹோல்டர் போடவும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் சிரிப்பதைக் குறைத்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தோம். இடது பல்லின் குழியில் கறுப்பு மறைந்து வெள்ளை ஏறியிருந்தது. எட்டு, நான்காகக் குறைந்திருந்தது. வலது பக்கம் அதே கறுப்பு. இன்னும் கொஞ்சம் பெரிதாக.

“இது வந்துடுச்சு. இது வரல, எடுத்துடணும்” என்றார் டாக்டரம்மா.

எடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஆயிரம் பற்கள் தட்டில் விழுந்து கேட்டிருக்கிறேன். இது விழுந்த சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

கூட வந்திருந்த அக்கா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். “அன்னைக்கு நான் வந்திருந்தா டார்ச்சை நான் பிடிச்சிருப்பேனே. எல்லாம் என்னாலதான்.”

அத்தான் நாற்காலியை விட்டு இறங்கினார். ரத்தம் நிற்கக் கடித்திருந்த பஞ்சை, டாக்டரம்மா வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் வெளியே எடுத்தார்.

“லூசு மாதிரி பேசாத. பத்து வருஷமா எனக்குப் பல்லு விளக்கும்போது ரத்தம் வந்துச்சு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு தினமும் வாஷ்பேசினைக் கழுவி விட்டுட்டுத்தான் வெளியில வருவேன். அதுக்கும் உன் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?”

பத்து வருஷம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். ஊரார் ஈறையெல்லாம் அளந்து எழுதியவள் நான். வெட்கமாக இருந்தது.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

“டாக்டர், நாற்காலி காலியாத்தானே இருக்கு, இவளையும் பார்த்துடுங்க. இவளும் காலையில வாஷ்பேசினைக் கழுவுறா.”

“சும்மா இருங்க. எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள் அக்கா.

“எனக்கே கதை விடாத. ஒரு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அக்கா யாரையும் பார்க்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானாகவே போய் நாற்காலியில் படுத்துக்கொண்டாள். நான் அவள் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுப் புது அட்டையை எடுத்தேன். அத்தான் பஞ்சை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். கை எட்டியது அங்கேதான். இரண்டு கையாலும் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா அளவு ஊசியை எடுத்தார். “அஞ்சு” என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். பேச முடியாமல் கண்ணாலேயே கேட்டார்.

“சுத்தம் பண்ணினா சரியாப் போயிடும், அத்தான்” என்றேன்.

அவர் பாதத்தை விடவில்லை.