வெளிநாட்டுக் காப்புரிமைக்கு நான் போட்ட கையெழுத்து

மொரப்பூர் பக்கம் எங்கள் ஊர். புளியில் கொட்டை எடுக்க, காலால் மிதிக்கிற கருவி ஒன்றை நானே யோசித்துச் செய்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், அதற்குக் காப்புரிமை வாங்கித் தருவதாகச் சொன்னான்.

"இந்தியாவுக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்கு ஒண்ணு அத்தே" என்று இரண்டு ஆங்கிலக் காகிதங்களை நீட்டினான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று கையெழுத்துப் போட்டேன்.

பிறகு எங்கள் ஊர் டீச்சரம்மா அவற்றைப் படித்துவிட்டு, "இந்தியாவுல உரிமை உங்க பேர்லதாங்க இருக்குது. வெளிநாட்டு உரிமையை அவருக்கே எழுதிக் குடுத்துட்டீங்களே ஆயா" என்றார்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். "ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் அத்தே. நீங்க அங்கெல்லாம் போகவா போறீங்க?" என்று சிரித்தான்.

"நான் போகலைன்னா என் பேரும் போகக் கூடாதாடா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

இப்போது யார் காகிதம் நீட்டினாலும், வெளியாள் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுகிறேன். சொந்தக்காரர் நீட்டினால் இரண்டு பேரைப் படிக்கச் சொல்கிறேன்.