பீலித் தண்ணியில் கரைத்த யூரியா

என் கராஜில் ஸ்பேனர்கள் தொங்குகிற பலகையின் மேல் மூலையில், ஓர் ஆணியில் ஒரு நீல மூடி தொங்குகிறது. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் மூடி. அதன் உள்வளையத்தில் உப்புப் பூத்த சுவரைப் போல வெள்ளையாகப் படிந்து காய்ந்திருக்கிறது. பதுளை பஸாரிலிருந்து வண்டியைக் கொண்டுவருகிற டிரைவர்மார் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஊர் வண்டியெல்லாம் கழுவுறீங்க, இத மட்டும் அழுக்கா வச்சிருக்கீங்க?" என்று கிண்டலடிப்பார்கள். வேலையைப் பாருடா என்று சொல்லிவிடுவேன். அந்த அழுக்கைக் கழுவ எனக்கு மனம் வராது. அந்த மூடிக்குரிய வேன் இப்போது இல்லை. அந்த வெள்ளையைப் படிய வைத்த மனிதரும் இல்லை. அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மச்சான்.

புது டீசல் வேன்களில் டீசல் தாங்கி போக இன்னொரு சின்னத் தாங்கி இருக்கும். அதில் ஊற்றுவது டீசலும் இல்லை, ரேடியேட்டர் தண்ணீரும் இல்லை. புகைக்குழாய்க்குள் பீச்சிப் புகையின் நஞ்சை முறிக்கிற ஒரு திரவம். வடித்தெடுத்த தண்ணீரில் மிகச் சுத்தமான யூரியாவைக் கரைத்துச் செய்வார்கள். அது தீர்ந்தாலோ கெட்டாலோ வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் முதலில் விளக்கைப் போட்டு எச்சரிக்கும். பிறகு, இன்னும் இவ்வளவு தூரம்தான் என்று கணக்குக் காட்டத் தொடங்கும். கணக்கு முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி ஓடும். ஆனால் ஒரு தரம் நிப்பாட்டினால் மறுபடி எடுக்காது. பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்ட மனிதனுக்குக் கூட இவ்வளவு பிடிவாதம் கிடையாது. இன்றைக்கு இந்தக் கோளாறு எனக்குப் பல் விளக்குவது மாதிரி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு தாங்கி இருக்கிறது என்பதே எங்கள் ஊவா மாகாணத்தில் யாருக்கும் தெரியாது.

மச்சான் பசறை ரோட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். பச்சைக் கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து பெக்டரிக்கு இறக்குகிற லொறி. தொண்ணூறுகளில் தோட்டத்தில் வேறு வண்டி கிடையாது; நோயாளியும் அதில்தான், பிணமும் அதில்தான். அக்காவுக்குத் தலைச்சன் பிரசவத்தில் வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று தோட்டத்து மருத்துவிச்சி சொன்னபோது, அவளையும் அதே லொறியில்தான் ஏற்றினார்கள். முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார அவளால் முடியவில்லை. பின்னால், கொழுந்துச் சாக்குகளைப் பரப்பி அதன்மேல் படுக்க வைத்தார்கள். ஓட்டியது மச்சான். வேறு டிரைவர் இல்லை. பாதி வழியில் அவள் சத்தம் நின்றது அவருக்குக் கேட்டிருக்கிறது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நேரம் போய்விடுமே என்று நிறுத்தாமலே பதுளை வரை ஓட்டியிருக்கிறார். அப்போது பதுளையில் கராஜ் வேலை பழகிக்கொண்டிருந்த நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்தபோது அவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. பிறகு எத்தனையோ வருஷம், சாராயம் உள்ளே போன நாட்களில் மட்டும் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வரும். "நான் முன்னால இருந்தேன் மாப்புள. அவ பின்னால தனியாப் போயிட்டா."

மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வந்தது என்றால் அது அந்த வேன் வந்த பிறகுதான். வெளிநாட்டுத் தருமக்காரர்கள் யாரோ, தங்கள் ஊரில் ஓடிய ஒரு வேனை, உள்ளே கட்டிலும் ஒட்சிசன் போத்தல் வைக்கிற இடமுமாகத் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார்கள். டிரைவர் யார் என்று தோட்டத்தை நடத்துகிற துரை கேட்டபோது மச்சான் கை தூக்கவில்லையாம். லயத்து வீடுகளில் இருக்கிற சனங்கள்தான் அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த வேனை வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே! விறகு ஏற்றக்கூடாது, கொழுந்து ஏற்றக்கூடாது, கோயில் திருவிழாவுக்கு வாழைக்குலை கூட ஏற்றக்கூடாது. தினமும் விடிய அதைத் துடைப்பார். மலை ஊற்று விழுகிற பீலியடியில் குடம் நிரப்ப நிற்கிற பெண்கள், "பாருங்கடி, மாப்பிள்ளைக்கு நலுங்கு வக்கிறாரு" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான். கொழுந்து லொறியில் இனி ஒருத்தியையும் ஏற்ற விடமாட்டேன் என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சபதம் போடுகிற குரலில் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

வேனோடு வந்த ஒரு கேன் திரவம் தீர்ந்ததும் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. வண்டியோடு வந்த புத்தகம் எங்களுக்குத் தெரியாத பாஷையில் இருந்தது. தோட்டத்து ஒபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்தவர், எதையும் படித்துப் பார்க்காமல் பேசாதவர். படத்தையும் எழுத்தையும் கூட்டிக் கூட்டிப் பார்த்து, "இது யூரியா எண்டுதான் போட்டிருக்கு, யூரியாவும் தண்ணியும்" என்று சொன்னார். சொன்னது அத்தனையும் சரி. ஆனால் யூரியா என்ற சொல் தேயிலைத் தோட்டத்துக்காரன் காதில் வேறு எப்படி விழும்? கூடையில் அள்ளிக் கொண்டுபோய்ச் செடிக்குச் செடி தூவி, கைவெடிப்பு எரிய எரிய வீட்டுக்கு வருகிற உரம் அது. "அட, இதுக்கா இம்புட்டு நாள் முழிச்சோம்? நம்ம ஸ்டோர்ல மூட்டை மூட்டையா அடுக்கி இருக்கே!" என்று ஸ்டோர்காரர் வாய்விட்டுச் சிரித்தாராம். மச்சான் நல்ல பளிச்சென்ற உரமாகப் பொறுக்கி எடுத்து, பீலித் தண்ணியில் கரைத்து, வெள்ளைத் துணியில் மறுபடி மறுபடி வடிகட்டி, அந்த நீல மூடியைத் திறந்து ஊற்றினார். எங்கள் பீலித் தண்ணியைப் போலச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். அதில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பது தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் அடியைச் சுரண்டுகிற பெண்களுக்கு மட்டும் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

விளக்கு அணைந்துவிட்டது! அதுதான் வினையே. முதல் நாளே மக்கர் பண்ணியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தாங்கி நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வண்டி திருப்திப்பட்டுக்கொண்டது. நம்ம வேனும் உரம் போட்டாத்தான் துளிர்க்குது என்று லயமே பேசிச் சிரித்தது. மச்சான் எனக்குப் போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னார். நான் அப்போது அந்தச் சாமானைக் கண்ணால் கூடக் கண்டதில்லை. கெட்டிக்காரர்தான் மச்சான் என்று நானும் சிரித்தேன். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு, மழை விடாமல் பிடித்த ஒரு வாரத்தில், விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் வந்து, ஓட ஓடக் குறைந்துகொண்டே போனது. கிளாக்கர் ஐயா மறுபடி புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். எண் முடிந்த பிறகு நிப்பாட்டினால் வண்டி எடுக்காது என்று அவர் சொன்னபோது, எண் ஏற்கெனவே பூச்சியத்துக்கு வந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் போன் பண்ணிக் கூப்பிட்டதும் நான் பஸ்ஸில் சந்தி வரை போய், மிச்ச தூரத்தைச் சேற்றில் நடந்து மேலே ஏறினேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு முன்னால், சக்கரத்துக்குக் கல் வைத்து, வேன் உறுமிக்கொண்டு நின்றது. மச்சான் முன்சீட்டில் இருந்தார். முந்தின நாளிலிருந்து அப்படியே இருக்கிறார். சோற்றைக் கூட அங்கேயே வாங்கித் தின்றிருக்கிறார். ஓட ஓடவே டீசல் ஊற்றியிருக்கிறார். மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்கு இன்றோ நாளையோ என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். அவளுக்கும் தலைச்சன். நான் கீழே படுத்துப் பார்த்தேன். குழாய் மூட்டுகளிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டிப் போயிருந்தது. மச்சான் குனிந்து அதை விரலில் தொட்டு எடுத்து, "உப்பா மாப்புள இது?" என்று கேட்டார்.

"நீங்க ஊத்தின உரந்தான் மச்சான். உள்ள கல்லாப் போயிருக்கு. நிப்பாட்டுங்க, கழட்டிப் பாப்போம்."

"நிப்பாட்டாமப் பாக்க முடியாதா?"

"எஞ்சின் ஓடயில எப்படிக் கழட்டுறது?"

"மறுபடி எடுக்கும்னு சொல்லு. சொல்லு, நானே சாவியத் திருப்புறேன்."

எப்படிச் சொல்வேன்? பெட்ரோல், டீசல், டைனமோ என்றால் அடித்துச் சொல்லியிருப்பேன். இந்தக் கருமத்தை அன்றுதான் பார்க்கிறேன். அந்த மழையில் த்ரீவீல் ஏறாது. வேன் நின்றுவிட்டால் மிச்சம் இருப்பது லொறி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். பின்னேரம் மேல் லயத்திலிருந்து அந்தப் பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பின்னால் கட்டிலில் அவள்; பக்கத்தில் மருத்துவிச்சி; முன்னால் நாங்கள். இறக்கத்தில் எஞ்சின் கொஞ்சம் தணிந்தாலும் மச்சான் நெற்றி வேர்க்கும். வழி நெடுக, பின்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். "சத்தம் போடு தாயி. நல்லாச் சத்தம் போடு. வாய மூடாத. எனக்குக் கேக்கணும்." அவளும் கத்தினாள். அவள் கத்தக் கத்த இவர் முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிய பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை. காவலாளி வந்து சிங்களத்தில் ஏசினார். மச்சான் கும்பிட்டுக்கொண்டு, பிள்ளை பிறந்துவிட்டது என்ற செய்தி வரும்வரை அப்படியே இருந்தார். பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். பிறகு வேனை என் கராஜுக்குக் கொண்டுவந்து, நான் சொல்லாமலே தானாகச் சாவியைத் திருப்பினார். அத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அக்கா செத்த அன்றைக்கு அழாத மனிதர், பிள்ளை பிறந்த அன்றைக்கு அழுதார். நான் பார்க்காதது போல வெளியே போய் நின்றுகொண்டேன்.

வேன் மறுபடி எடுக்கவில்லை. தாங்கியை இறக்கிக் கழுவினேன். பீச்சுகிற மூக்கைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டேன். கல் கரைந்து, ஊசித் துவாரம் திறந்தது. கொழும்பில் லொறி இறக்குமதி செய்கிற ஒருவரிடம் கெஞ்சி ஒரு கேன் அசல் திரவம் எடுப்பித்து ஊற்றினேன். ஆனால் கல் அடைத்த குழாயில் தள்ளித் தள்ளிப் பம்ப் கருகிப் போயிருந்தது. அந்தப் பம்ப் இந்தத் தீவிலேயே இல்லை. தருமக்காரர்களுக்குத் தோட்டத்திலிருந்து எழுதிப் போட்டார்கள், பதில் வரவில்லை. பம்ப் இல்லாமலே கம்ப்யூட்டரை ஏமாற்றி வண்டியை எடுக்க வைக்கிற வித்தை இன்றைக்குப் பொடிப் பையன்களுக்கும் தெரியும். அன்று பதுளையில் யாருக்கும் தெரியாது.

மச்சான் மறுபடி கொழுந்து லொறிக்குப் போனார். லீவு நாளில் பஸ் ஏறி வந்து, என் கராஜ் மூலையில் நின்ற வேனைத் துடைப்பார். "பம்ப் வந்துச்சா?" என்று கேட்பார். "வரும் மச்சான்" என்பேன். முன்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவார். சாவி வண்டியிலேயே தொங்கும். ஒரு தரம் கூட அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார். எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்ட ஒரு பெரிய பெரட்டு நாளில், பெக்டரி முற்றத்தில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு டிரைவர் லொறியை எடுத்திருக்கிறார். முன்சீட்டில் ஏற்றப் போனபோது, இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினாராம். அந்த டிரைவர் என்னிடம் அழுதுகொண்டு சொன்னது இது: "'முன்னால வேணாம்பா. பின்னால சாக்க விரிச்சுப் போடு. அவ அங்கதான படுத்துக்கிட்டுப் போனா'ன்னாரு அண்ணே. நான் என்ன செய்ய? விரிச்சுப் போட்டேன்." பதுளை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு தோட்டம் கைமாறியபோது வேனைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். நான் மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். இப்போது அந்தத் திரவம் பதுளையில் கேன் கேனாக விற்கிறது. போன வாரம் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குகிற பையன் ஒருவன் விளக்கு எரிகிற வேனோடு வந்தான். நீல மூடியைத் திறந்தால் அதே வெள்ளை. மூக்கைக் கழற்றி, ஊறப்போட்டு, கழுவி மாட்டினேன். "யூரியாதானேண்ணே, உரக்கடையில வாங்கிக் கரைச்சு ஊத்தினா என்ன?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. பலகையில் தொங்குகிற மூடியைக் காட்டி, அதை ஊற்றின மனிதனுக்கு அது என்ன செய்தது என்று சொல்லவேண்டும் போல இருந்தது. கேனில் இருப்பதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லா டிரைவரையும் கேட்பது போல அவனையும் கேட்டேன்.

"நிப்பாட்டிட்டு மறுபடி எடு."

எடுத்தான். ஒரே திருப்பில் எடுத்தது.

"இன்னொருக்கா."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நிப்பாட்டினான். சத்தம் அடங்கியது. மறுபடி சாவியைத் திருப்பினான். வண்டி எடுத்தது.