ஜாஸ்பின் எழுதாமல் விட்ட பாதை

எங்கள் ஊராட்சியில் எது செலவானாலும் அதில் பாதி பெண்களுக்குத்தான் போனது என்று தாளில் இருக்கும். தெருவிளக்குக்குப் பெயரே ‘பெண்கள் பாதுகாப்பு’. விளக்கெல்லாம் எரிவதோ டீக்கடை முக்கில். கேட்டால், “பொம்பளைகளும் அந்த ரோட்டுலதானே நடக்குறீங்க?” என்பார் கிளார்க். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் இதைச் சரிபார்க்க எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லி ஊராட்சியில் கேட்டார்கள். ஊராட்சி வரவு செலவில் பெண்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது, இன்னும் என்ன வேண்டும் என்று எழுதிக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். நாங்கள் ஜாஸ்பினைக் கைகாட்டினோம். பன்னிரண்டாவது படித்தவள். கணவர் இன்னாசி குவைத்தில் டிரைவர். குழுக் கூட்டத்தில் மிஞ்சிய டீத்தூளைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டாள். அந்த நேர்மைக்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தோம். அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது.

கிளார்க் கொடுத்த தாளை அவள் நம்பவில்லை. பத்து நாள், பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு விளக்கின் அடியிலும் நின்று யார் யார் போகிறார்கள் என்று எண்ணினாள். முப்பத்தெட்டு விளக்கில் இருபத்தொன்பது ஆண்கள் கூடுகிற இடத்தில் இருந்தன. குழாயடியும் ரேஷன் கடையும் இருட்டு.

“சீட்டாடுறதுக்கு வெளிச்சம் இருக்கு புவனாக்கா, தண்ணி புடிக்க இல்ல,” என்றாள் என்னிடம்.

எல்லாவற்றிலும் மோசம், பஸ் ஸ்டாப்பிலிருந்து தைலமரக் காட்டை ஒட்டி வரும் பாதை. அதன் கடைசியில்தான் ஜாஸ்பின் வீடு. மகள் பிரின்சி திருச்சியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படித்தாள். ஏழு மணி பஸ்ஸில் இறங்கி அந்த வழியாகத்தான் வரவேண்டும். ஒருநாள் எவனோ பைக்கை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். விஷயம் குவைத்துக்குப் போய்விட்டது.

“லைட்டு வந்தா படிக்கட்டும். இல்லாட்டி இந்த வருஷத்தோட நிறுத்திரு,” என்றார் இன்னாசி போனில்.

“நான் போய்க் கூட்டிட்டு வாரேங்க.”

“நீயும் பொம்பளதானே?” என்று வைத்துவிட்டார்.

கிராமசபைக்கு முதல் நாள் ஜாஸ்பின் தாளோடு என்னிடம் வந்தாள். “இந்தப் பாதைய எழுதினா, எம் மகளுக்காக எழுதிக்கிட்டேம்பாங்களேக்கா?”

“பேசத்தான் செய்வாங்க. மத்தத எழுது. இத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்றேன். என் நாக்கில் சனி.

மறுநாள் அவள் வாசித்தபோது கிளார்க் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் கைதட்டினோம். நாலு மாதத்தில் குழாயடிக்கும் ரேஷன் கடைக்கும் விளக்கு வந்தது. தைலமரப் பாதை அப்படியே கிடந்தது. ஜூன் மாதம் பிரின்சிக்கு மூன்றாம் வருஷ ஃபீஸ் கட்ட இன்னாசி பணம் அனுப்பவில்லை; படிப்பு நின்றது. ஜாஸ்பின் தன் வீட்டுக்கு விளக்கு எழுதிக்கொண்டாள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இந்த வருஷமும் ஜாஸ்பினையே எழுதச் சொல்லிப் போன வாரம் தாள் வந்தது. நான் அவள் வீட்டுக்குப் போனபோது ஜாஸ்பின் சொல்லச் சொல்லப் பிரின்சி எழுதிக்கொண்டிருந்தாள். தாய் வாயைத் திறக்கும் முன்பே முதல் வரியில் ‘பஸ் ஸ்டாப், தைலமரப் பாதை’ என்று எழுதியிருந்தாள்.

ஜாஸ்பின் என்னைப் பார்த்தாள். பிறகு மகளிடம், “இத எழுதலாமாடி?” என்றாள்.

“இப்ப எழுதலாம்மா,” என்றாள் பிரின்சி, தலை நிமிராமல். “நான்தான் அதுல போறதில்லையே.”