ஓடாத பஸ்ஸில் ஏறியவர்கள்

சித்தூரிலிருந்து குடிபாலா வழியாக வேலூருக்குப் போகும் கிருஷ்ணப்பா சர்வீஸ் பஸ்ஸில் கோவர்த்தனன் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்தார். ஆள் குட்டை. சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று "வேலூர், வேலூர்" என்று அவர் ஒரு முறை கூவினால், மார்க்கெட்டின் கடைசி வரிசையில் இருப்பவர்கள்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஜன்னலோரம், கோழிக்கூடைக்காரருக்குப் பின்வரிசை, குடித்துவிட்டு ஏறியவருக்குத் தன் கண்ணெதிரே ஓர் இடம். யாரை எங்கே உட்காரவைப்பது என்று அவருக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

1953 செப்டம்பரில் ஒரு நாள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தபோது, எதிரே வந்த மாட்டுவண்டியின் நுகத்தடி அவருடைய இடது முழங்காலில் மோதியது. வேலூரில் மூன்று மாதம் ஆஸ்பத்திரிவாசம். கால் பிழைத்தது, மடங்கத்தான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது சித்தூர் மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது, திரும்பி வந்தபோது ஆந்திர ராஜ்யத்தில் இருந்தது. பஸ் போர்டுகளில் தெலுங்கு மேலே ஏறித் தமிழ் கீழே இறங்கியிருந்தது. முதலாளி கிருஷ்ணப்பா அவரைக் கைவிடவில்லை. ஒரு ஸ்டூலும் கடிகாரமும் கொடுத்து டைம் கீப்பராக உட்காரவைத்தார். அப்போது கோவர்த்தனனுக்கு வயது முப்பத்திரண்டு. உட்கார்ந்து செய்கிற வேலை அவருக்கு ஒட்டவே இல்லை. பஸ் கிளம்பும்போதெல்லாம் நீட்டிய காலோடு எழுந்து நின்றுவிடுவார்.

ஸ்டாண்டுக்கு எதிர்ச்சுவரில் ஏழெட்டு இளைஞர்கள் தினமும் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோ பத்தாவதோ படித்தவர்கள். பாதிப் பேர் குடிபாலாப் பக்கத்துச் சேரிகளிலிருந்து வருபவர்கள். நிலம் கிடையாது. தெலுங்கு பேச வரும், எழுத வராது. அதனால் ஆபீஸ் வேலைக்கு மனுப் போட முடியவில்லை. நெல் மண்டியில் மூட்டை தூக்கக் கூப்பிட்டால் போவார்கள், இல்லாவிட்டால் சுவர்தான்.

அவர்களில் எத்திராஜ் என்ற ஒருவன் தினமும் காலையில் வந்து, நாலடி தள்ளி நின்று, "டைம் இன்னாண்ணா?" என்று கேட்பான். சொன்னதும் போய்விடுவான். ஐந்தாம் நாள் கோவர்த்தனன் விடவில்லை.

"நீ எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

"எதுக்கும் இல்லண்ணா."

"அப்ப டைம் எதுக்கு ஒனக்கு?"

அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "வேலைக்குப் போறவங்க எல்லாரும் டைம் கேக்கறாங்க. அதான் நானும் கேட்டுக்கினு கீறேன்."

மறுநாள் எத்திராஜைப் பார்த்ததும், "நாளைக்கு ஆறு மணிக்கு ஷெட்டுக்கு வா. சொவத்துல உக்காந்துக்கினு கீறாங்களே, அவங்களையும் இஸ்துக்கினு வா" என்றார்.

ஷெட்டின் பின்பக்கம் என்ஜின் கழற்றிய பழைய பஸ் ஒன்று நின்றிருந்தது. கதவு இல்லை, டயர் இல்லை. சீட்டுகள் மட்டும் மிச்சம். அதில்தான் கோவர்த்தனன் கண்டக்டர் வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒருவன் தோல் பையை மாட்டிக்கொண்டு கண்டக்டராக நிற்பான், மற்றவர்கள் பயணிகள். டிக்கெட் கிழிப்பது, விசில் கொடுப்பது, டிரிப் ஷீட் எழுதுவது, பிரேக் போட்டால் விழாமல் நிற்பது எல்லாமே பாடம். பஸ் ஓடாது என்பதால், பிரேக் போடும் இடத்தில் கோவர்த்தனனே பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவார்.

தெலுங்கு எழுத்தை அவர் பஸ் போர்டுகளிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். சித்தூரு, திருப்பதி, புத்தூரு, நகரி. ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரிந்துகொண்டால் எழுத்துகள் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. அது சரியாகவும் இருந்தது. நாலு மாதத்தில் எல்லோரும் டீக்கடையில் தெலுங்குப் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்தார்கள்.

பையன்கள் பயணியாக நடித்தால் சண்டையே வருவதில்லை என்பது அவருக்கு ஒரு குறை. கத்தரிக்காய் வியாபாரி மணியம்மாளிடம் போய்க் கேட்டார். அந்த அம்மாள் பதினைந்து வருஷமாகக் கண்டக்டர்களோடு சண்டை போட்டுப் பழகியவர். "நெசமா சண்ட போடணுமா, சும்மாவா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் காலிக் கூடையோடு வந்து ஓடாத பஸ்ஸில் ஏறினார். "கூடைக்கு எதுக்குய்யா டிக்கெட்டு? கூடை வந்து சீட்டுல குந்திக்கிச்சா?" என்று அவர் ஆரம்பித்தால் ஷெட் மெக்கானிக்குகள் ஸ்பானரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள்.

மற்றவர்கள் தட்டுத்தடுமாறி அவரைச் சமாளித்தார்கள். எத்திராஜால் முடியவில்லை. கணக்கில் அவன்தான் முதல், எழுத்திலும் அவன்தான் முதல். ஆனால் வாயைத் திறந்தால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். யார் கேள்வி கேட்டாலும் தோள் குறுகி ஓர் அடி பின்னால் போவான். ஊரில் பெரியவர்கள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றே வளர்ந்த உடம்பு அது. கோவர்த்தனன் அவனை ஷெட்டின் ஒரு முனையில் நிறுத்தி, தான் மறுமுனைக்கு நொண்டிக்கொண்டே போய், "எனக்குக் கேக்கல!" என்று கத்துவார். "வேலூர்" என்பான் அவன். "எந்த ஊரு? எனக்குக் கேக்கல!" இப்படியே தை, மாசி, பங்குனி போயிற்று. சித்திரையில் ஒரு காலை அவன் "வேலூர்" என்று கூவியபோது மணியம்மாள் திடுக்கிட்டுக் கூடையைக் கீழே போட்டுவிட்டார். கோவர்த்தனன் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

ஒரு பாடம் மட்டும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். வழியில் ஏறும் பெரிய விவசாயிகளில் சிலர், சேரி ஆள் கையிலிருந்து டிக்கெட் வாங்கத் தயங்கலாம். "அந்த மாதிரி ஆளு ஏறினா டிக்கெட்ட சீட்டு மேல வெச்சிட்டுப் போயிடு. அவரு எடுத்துக்குவாரு. நமக்கு இன்னா, வேல நடக்கணும்." பையன்கள் தலையாட்டினார்கள். எத்திராஜ் ஆட்டினானா என்று அவர் கவனிக்கவில்லை.

பிறகு எத்திராஜுக்கு வேலை கேட்டு முதலாளியிடம் போனார். கிருஷ்ணப்பா கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். "சேரிப் பையனைப் போட்டா ஜனங்க ஏறுவாங்களாய்யா?" என்றார்.

"செக்கிங்குக்கு வர்றவங்க இந்தாண்ட தெலுங்குல கேக்கறாங்க, எல்லை தாண்டினா தமிழ்ல கேக்கறாங்க. ரெண்டுலயும் எழுதற ஆளு உங்க கிட்ட எத்தினி பேரு கீறாங்க முதலாளி?"

கிருஷ்ணப்பா யோசித்தார். கண்டக்டர்களில் ஒருவருக்குக்கூட இரண்டும் எழுத வராது. லைசென்ஸுக்கு எத்திராஜ் மனுப் போட்டு, அது வந்ததும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

லைசென்ஸ் வந்த வாரம் கோவர்த்தனன் டைம் கீப்பர் வேலைக்கு வேறொருவரைக் கெஞ்சி உட்காரவைத்துவிட்டு, பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு கூடவே போனார். முதல் இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. மூன்றாம் நாள் சித்தூரைத் தாண்டி ஐந்தாறு மைலில், எல்லோரும் தொரை என்று கூப்பிடும் ஒரு நிலக்காரர் ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளிப் பூண் போட்ட தடி. எத்திராஜ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். அவர் வெளியே பார்த்தபடியே, "அங்க வெச்சிட்டுப் போ" என்றார்.

எத்திராஜ் திரும்பிக் கோவர்த்தனனைப் பார்த்தான். கோவர்த்தனன் தலையை அசைத்தார். வை, வைத்துவிட்டு வா.

அவன் வைக்கவில்லை. விசிலை எடுத்து ஊதினான். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பஸ் நின்றது.

"அய்யா, டிக்கெட்டைக் கையில வாங்கிக்கோங்க. இங்க வெச்சா காத்துல பறந்துடும். அப்பால செக்கிங்ல உங்களக் கேட்டா எனக்கு மனசு கஷ்டமாயிடும்." மரியாதையான சொற்கள்தான். ஆனால் ஷெட்டின் மறுமுனைக்குக் கேட்கிற குரல்.

"வண்டிய எடுக்கச் சொல்லுடா."

"டிக்கெட் குடுக்காம எடுக்கக் கூடாதுங்க."

டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட்டை நீட்டிய கையை எத்திராஜ் மடக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். நடுவரிசையிலிருந்து மணியம்மாள் எழுந்தார். இந்தத் தடவை கூடை நிறையக் கத்தரிக்காய்.

"இன்னா தொரை, வெயில் ஏறுது. என் காயெல்லாம் வாடிக்கினு கீது. கைய நீட்டி வாங்கிக்கினா இன்னா கொறஞ்சிடும்?"

பின்னாலிருந்து ஒரு வாத்தியார் தெலுங்கில், "தீஸ்கோண்டி சார், ஆலஸ்யம் அவுதுந்தி" என்றார். வாங்கிக்கொள்ளுங்கள், நேரமாகிறது. இன்னும் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். தொரை டிக்கெட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். எத்திராஜ் இரண்டு விசில் கொடுத்தான். பஸ் கிளம்பியது. அவன் அடுத்த சீட்டுக்குப் போய், "நீங்க எங்கம்மா?" என்று கேட்டான்.

கோவர்த்தனன் வீட்டுக்கு வந்து மனைவி சந்திரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். சோற்றைப் போட்டுக்கொண்டே சந்திரம்மா கேட்டார்.

"ஒம்போது வருஷம் நீ தொரைங்களுக்கு டிக்கெட்ட எப்படிக் குடுத்தே?"

"கையிலதான்."

"அப்ப அவனுக்கு மட்டும் ஏன் சீட்டு மேல வெக்கச் சொன்னே?"

கோவர்த்தனன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

எதிர்பார்த்தபடியே தொரை முதலாளியிடம் போய்ப் புகார் சொன்னார். கிருஷ்ணப்பா கோவர்த்தனனைக் கூப்பிட்டார். பையன் புதுசு, தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். கோவர்த்தனன் அப்படிச் சொல்லவில்லை.

"தப்பு என்னுது முதலாளி. சீட்டு மேல வெக்கச் சொல்லிக் குடுத்தது நானு. அவன் என் பேச்சக் கேக்கல. கேட்டிருந்தா நான்தான் வெக்கப்பட்டிருப்பேன்."

"இனிமே நம்ம வண்டியில ஏற மாட்டாராம்யா அவரு."

"அந்த எடத்துல மணியம்மா கூடைய வெச்சிக்கிறோம்."

கிருஷ்ணப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு டிரிப் ஷீட்டுகளைப் புரட்டினார். ஒரு வாரமாக ஒரு ஆள்கூடக் குறையவில்லை. இரண்டு பாஷையிலும் எழுத்து குண்டுகுண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. "அடுத்த வாரமும் வரச் சொல்லு" என்றார். அந்த அடுத்த வாரம் முடியவே இல்லை. தொரை ஒன்றரை மாதம் மாட்டுவண்டியில் போய்ப் பார்த்தார். இடுப்பு வலி வந்தது. திரும்ப பஸ்ஸில் ஏறினார், கையை நீட்டினார்.

முதலாளியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையே ஓடாத பஸ்ஸில் எல்லோரையும் உட்காரவைத்துக் கோவர்த்தனன் சொன்னார். "சீட்டு மேல வெக்கணும்னு நான் சொன்னேனே, அத மறந்துடுங்க. தப்பா சொல்லிட்டேன்." மாணவர்களுக்கு முன்னால் அப்படிச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. காது சிவந்துவிட்டது என்று எத்திராஜ் பல வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிப்பான்.

1960க்குள் அந்தப் பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் வேலைக்குப் போனார்கள். மூன்று பேர் திருப்பதி வண்டியில், ஒருவன் புத்தூர் லைனில். புதிதாக வந்த அரசாங்க பஸ்ஸில்கூட இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று கடைசியாக முடிவானபோது குடிபாலா ஆந்திராவிலேயே இருந்தது. கோவர்த்தனன் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப தெலுங்குப் பாடம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வெக்கணும்" என்றார்.

அவருக்கு மனக்குறையாக இருந்தவன் ஆதிநாராயணன் ஒருவன்தான். சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த பையன். திக்குவாய். "வேலூர்" என்று சொல்வதற்குள் பஸ் குடிபாலாவைத் தாண்டிவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்ய, கோவர்த்தனன் அவர்களை ஷெட்டைச் சுற்றி ஓடவிட்டார். ஒரு வருஷம் முயன்றும் அவனுக்குக் கண்டக்டர் வேலை சரிப்படாது என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அவன் பார்த்த பொருளை மறப்பதில்லை. எந்தக் கூடை யாருடையது, எந்தக் குடை எந்த வரிசையில் விட்டுப்போனது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவான்.

அவனைக் கூட்டிக்கொண்டு கோவர்த்தனன் மடங்காத காலோடு நாலு தடவை திருப்பதிக்குப் போனார். லாட்ஜ், ஓட்டல், பாத்திரக்கடை என்று ஏறி இறங்கினார். "பேச்சு கொஞ்சம் மெதுவா வரும், ஆனா பொருள் ஒண்ணு தொலையாது" என்று போன இடமெல்லாம் சொன்னார். நாலாவது தடவை ஒரு சத்திரத்தில், மலைக்குப் போகிறவர்களின் மூட்டை முடிச்சுகளை வாங்கி வைக்கிற அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள்.

முதல் நாள் கோவர்த்தனன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போக மறுத்தார். யாத்திரிகர்கள் கூட்டமாக வந்து பெட்டிகளைத் தள்ளினார்கள், திரும்பி வந்து கேட்டார்கள். ஆதிநாராயணன் அடையாளச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முகத்தைப் பார்த்து, அவரவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் வெளியே வந்தான்.

"நீ... நீ போண்ணா. நா... நான் பாத்துக்கிறேன்."

"சாப்பாட்டுக்கு எங்க போவே?"

அவன் எதிரே இருந்த ஓட்டலைக் கையால் காட்டினான். கோவர்த்தனன் அங்கே போய் இலை எத்தனை மணிவரை போடுவார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து, அவனிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகுதான் சித்தூர் பஸ்ஸுக்கு நடந்தார்.